எட்டு வீட்டுச் சீட்டு

சத்யா தூக்குவாளிக்குள்ள கைய விட்டா. நான் பிள்ளையாரைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

புரட்டாசி கடைசி ஞாயித்துக்கிழமை. பெரம்பலூர்லேருந்து அரியலூர் போற ரோட்டுல, டவுனைத் தாண்டி உள்ள தள்ளி இருக்குது எங்க நகர். மொத்தம் எட்டு வீடு. கூட்டிப் பெருக்கன்னு ஒரு ஆள் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கமாட்டான். அதனால ஐப்பசி மழை புடிக்கிறதுக்குள்ள பொது இடத்தையெல்லாம் நாங்களே சுத்தம் பண்ணிக்கணும். வீட்டுக்கு ஒரு வேலை, சீட்டுல எது வருதோ அது. சங்கத்துல அப்படித்தான் தீர்மானம்.

பார்க்குல புல்லு வெட்டணும், கருவேல முள்ளைக் கழிக்கணும், பிள்ளையார் மேடையக் கழுவணும். எல்லாம் ஒரு மணி நேரத்து வேலை.

சாக்கடை மட்டும் அப்படி இல்லை. எட்டு வீட்டுக் கழிவும் அதுலதான் போகுது. உள்ள எறங்கி, முழங்கால் அளவு கருப்புச் சேத்தை அள்ளி வெளிய போடணும். அந்த நாத்தம் ரெண்டு நாளைக்கு ஒடம்ப விட்டுப் போகாது.

மூணு வருஷமா அது சத்யா வீட்டுக்குத்தான் விழுது. அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்? சீட்டு அப்படி.

கடைசியா குடிவந்தவங்க மொதல்ல எடுக்கணும்கிறது சங்கத் தலைவர் பாலசுந்தரம் சார் வச்ச வழக்கம். அவ எடுப்பா. சாக்கடைன்னு படிப்பா. அதோட சார் தூக்குவாளிய மூடிடுவாரு. கஷ்டமான வேலை போயிடுச்சு, மத்ததைப் பேசிப் பிரிச்சுக்குவோம்பாரு. எல்லாரும் சிரிச்சுக்குவோம்.

எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? அவ அப்பனும் ஆத்தாளும் எங்க மாமனார் வயல்ல நாத்து நட்டவங்க. இவ பாங்க்குல ஆபீசராகி, எங்க வீட்டுக்கு எதிர்த்தாப்புலயே, எங்களைவிட ஒரு மாடி ஒசத்தியா கட்டுனா வயிறு எரியாம என்ன செய்யும்? ஆனா மொறையில நான் ஒரு கொறை வச்சதில்லை. வந்தா காப்பி குடுப்பேன். அதுக்குன்னே பேப்பர் கப்பு வாங்கி வச்சிருக்கேன்.

மூணு வருஷமும் புருசனும் பொண்டாட்டியுமா எறங்கி, மூஞ்சியச் சுளிக்காம அள்ளிப் போட்டாங்க. எங்களுக்கே ஏன் வருதுன்னு ஒரு வார்த்தை கேக்கலை. அதுதான் எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வந்துச்சு. உக்காந்து அழுதிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.

இந்த வருஷம் சீட்டு எடுக்கிறதுக்கு முன்னாடியே, ஒரு புது ரப்பர் கிளவுஸ் பாக்கெட்டோட வந்து நின்னா. பரவாயில்லையே, தன் வேலை எதுன்னு தானே தெரிஞ்சுக்கிட்டாளேன்னு எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு.

சீட்டைப் பிரிச்சா. ரொம்ப நேரம் அதையே பாத்தா.

"பார்க் புல்லு"ன்னா.

சொன்ன கையோட சீட்டை நாலா மடிச்சுக் கைப்பைக்குள்ள போட்டு, ஜிப்பை இழுத்துட்டா.

பொய்! அண்டப்புளுகு! பாவி, பிள்ளையாருக்கு முன்னாடி நின்னுக்கிட்டு கண்ணு சிமிட்டாம பொய் சொல்றா! சீட்டைக் காட்டுடின்னு அந்தப் பையப் புடுங்கி வீசணும் போல இருந்துச்சு எனக்கு.

வாயத் தொறந்தேன். அப்படியே மூடிக்கிட்டேன்.

சார் என்னைப் பாத்தாரு. நான் சாரைப் பாத்தேன். மனுசன் மூஞ்சியில ஈயாடலை.

மத்தவங்களுக்கு என்ன தெரியும்? சாக்கடைச் சீட்டு இன்னும் உள்ளதான் கெடக்குன்னு ஒருத்தரை ஒருத்தர் பாத்து சிரிச்சாங்க. அடுத்து எடுக்க வேண்டியது எங்க வீடு. எங்க வீட்டுக்காரர் ராசாங்கம் கண்ணாடியெல்லாம் மாட்டிக்கிட்டு, தூக்குவாளிய வாங்கி என் முன்னால நீட்டுனாரு. அவருக்கும் ஒண்ணும் தெரியாது.

சத்யா என் பக்கத்துல வந்தா.

"முத்து முத்தா எழுதியிருக்கீங்கக்கா. எந்தச் சீட்டை எடுத்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும் போல."

எல்லாரும் அதைப் பாராட்டுன்னு நெனச்சுக்கிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் பெருமையா தலையக்கூட ஆட்டுனாரு.

நேத்து சாயந்திரம் சீரியல் பாத்துக்கிட்டே நான்தான் எழுதுனேன். வருஷா வருஷம் நான்தான். சார் பேப்பரைக் கிழிச்சுக் கொண்டாந்து குடுப்பாரு. எட்டுச் சீட்டு. எட்டுலயும் சாக்கடைதான்.

கைய உள்ள விட்டேன். நானும் அவளாட்டம் எதையாவது மாத்திப் படிச்சுடலாம்னா, எங்க வீட்டுக்காரர் கழுத்தை நீட்டிக்கிட்டு என் கையையே பாக்குறாரு. உள்ள ஏழு சீட்டு இருந்துச்சு. ஏதோ ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்கும்கிற கணக்கா ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டுத் துழாவுனேன்.

"எடுத்துத் தொலையேன், வெயில் ஏறுது"ன்னாரு.

சத்யா புல்லறுக்குற அருவாளை எடுத்துக்கிட்டு பார்க் பக்கம் கெளம்பிட்டா. அந்த கிளவுஸ் பாக்கெட்டை அவ பிரிக்கவே இல்லை. பிள்ளையார் மேடையில, என் கைக்கு எட்டுற மாதிரி வச்சுட்டுப் போயிருந்தா.