சூடு ஆறும்வரை

"கியர்பெட்டி சூடாகுது, சுபானி. நிப்பாட்டப் போறன்," என்றான் மதிசுதன்.

"ஓம். பின்னால பாரம் கூடத்தானே."

ஜெர்மனியின் எர்லாங்கன் நகருக்குப் போகும் வழியில் பிக்கப் மறுபடியும் ஒரு தரிப்பிடத்தில் ஒதுங்கியது. பின்னால் இழுத்து வந்த டிரெய்லரில் கட்டில், அலுமாரி, தையல் மெஷின். எஞ்சினை அணைக்காமல் ஓடவிட்டான். அப்போதுதான் கியர் எண்ணெய் சுற்றிச் சுற்றி ஆறும். அதுவரை இருவரும் பிளாஸ்க் மூடியில் மாறி மாறித் தேநீர் குடித்தார்கள்.

"புது வீட்டில வெயில் வருமோ?" என்று கேட்டான்.

"குசினிக்கு வரும். சமைக்கேக்க வெளிச்சமா இருக்கும்."

எர்லாங்கனில் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றிவைத்தான். வாசல் அழைப்பு மணியில் சுபானியின் பெயர் மட்டும் இருந்தது. அவர்கள் இருவரின் விவாகரத்துத் தீர்ப்பு போன மாதம்தான் வந்திருந்தது.

"திரும்பிப் போகேக்க டிரெய்லர் வெறுமை. எங்கையும் நிக்கத் தேவையில்லை," என்றான்.

"வரேக்கையும் தேவை இருக்கேல்லை. சூடு காட்டுற முள்ளு ஒருக்காலும் ஏறேல்லை. நானும் பாத்துக்கொண்டுதான் வந்தனான்."

"பிறகேன் சொல்லேல்லை?"

அவள் பிளாஸ்கை எடுத்து மெல்ல ஆட்டிப் பார்த்தாள்.

"தேத்தண்ணி மிச்சம் இருக்கு. இன்னும் ரெண்டு பேருக்குக் காணும்," என்றாள்.