குளியலறை எக்கோ

“முதல்ல சாப்பிட்டுடலாம், வா.”

குளியலறைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டதும் அம்மா கட்டிலைவிட்டு எழுந்து வந்தாள். மேஜையில் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். சற்றுநேரம் காத்திருந்துவிட்டுத் தனியாகவே சாப்பிட்டாள்.

பக்கத்து அறைக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த மகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பா இறந்ததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. இப்படியே விட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். தினமும் அவள் எடுத்துவைக்கும் அந்த இரண்டாவது தட்டைப் பார்த்துப் பார்த்து, செத்துப்போனவருக்காகக் காத்திருக்கிறாள் என்று இவன் முடிவுகட்டிவிட்டான்.

இவன் வீட்டிலிருந்தே பாட்டுகளுக்கு மிக்ஸிங் செய்கிறவன். எந்தக் குரலுக்கு எவ்வளவு எக்கோ, எவ்வளவு கனம் என்று முன்பெல்லாம் நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வான். இப்போது அதற்கொரு மென்பொருள் வந்துவிட்டது. ஓர் இடத்தில் எழுப்பிய சத்தத்தைக் காட்டினால் போதும், குரல் அங்கிருந்தே வருகிற மாதிரி எல்லா அளவையும் அதுவே வைத்துவிடும். மிச்சமான நேரத்தில் பெற்றவளோடு உட்கார்ந்தானா என்றால், அதுதான் இல்லை. இன்னும் நாலு பாட்டை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அப்பாவும் ஒலிப்பதிவுக்காரர்தான். ஸ்டுடியோவில் அவர் உதவியாளரைச் சாப்பிடக் கூப்பிட்டது ஒரு பழைய பதிவில் அகப்பட்டது. மகன் குளியலறையில் ஒரு கைதட்டு தட்டி, அந்தச் சத்தத்தை மென்பொருளுக்குக் காட்டினான். அது மாற்றித் தந்த அப்பாவின் குரலை ஒலிக்கவிட ஸ்பீக்கரை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினான். அப்பா குளித்துவிட்டுத் துண்டோடு வரப்போகிறார் என்றே தோன்றியது, அவ்வளவு தத்ரூபம்.

ஒரு வாரம் வண்டி ஓடியது. மதியமானால் குரல் வரும், அம்மா வருவாள், மகன் நிம்மதியாக ஹெட்போனை மாட்டிக்கொள்வான்.

அன்று குரல் கேட்டும் அவள் எழவில்லை. மறுபடி ஒலிக்கவிட்டான். அப்போதும் அசையவில்லை. மென்பொருள் காலை வாரிவிட்டதோ, எக்கோ கூடிவிட்டதோ என்று ஸ்பீக்கரைப் பார்க்க ஓடினான்.

அம்மா படுத்தபடியே பேசினாள். “அது அச்சு அசலா அவரு குரல்தான். எதையும் மாத்தாத.”

அது வெறும் பதிவு என்று முன்பே தெரியுமா என்று அவன் கேட்டான்.

“தெரியாம என்ன? உங்கப்பா என்னை ஒருநாளாவது சாப்பிடக் கூப்பிட்டிருக்காரா? நீ கூப்பிடறேன்னு தெரிஞ்சுதான் எழுந்து வந்தேன்.”

அப்படியானால் இன்றைக்கு மட்டும் ஏன் வரவில்லை என்றான்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“கூப்பிட்டுட்டு நீ வரலையேடா.”