செருப்பு ரப்பரும் ஆரஞ்சுச் சக்கரமும்

மூட்டை இறக்கிய தோள்களோடு டீக்கடை நிழலில் உட்கார்ந்திருக்கிறோம். எதிரே, கடல் தடுப்புக் கற்களின் மேல் ஹெப்சிபா தன் நீளமான ஸ்கேட் பலகையைக் குப்புறப் போட்டிருக்கிறாள். நேற்று இந்த எண்ணூர் சாலையில்தான் சின்னச் சக்கரம் ஜல்லியில் மாட்டி, லாரிக்கு முன்னால் விழுந்தாள். இன்னொரு தரம் விழுந்தால் பலகையை அடுப்பில் வைத்துவிடுவேன் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறார். ஹெப்சிபா பக்கத்தில் பரப்பி வைத்திருக்கும் சக்கரங்களில் கெட்டியானவற்றை நகத்தால் அழுத்திப் பார்த்து ஒதுக்குகிறாள். பெரிய, மெத்தென்ற ஆரஞ்சுச் சக்கரங்களை எடுக்கிறாள். பேரிங்கை உள்ளங்கையால் அழுத்தி உட்கார வைத்து, நட்டை முடுக்கி, விரலால் சுண்டுகிறாள். சாயங்கால வெயிலைச் சுற்றிக்கொண்டு அது சத்தமில்லாமல் ஓடுகிறது. ஆனால் பலகையைச் சாய்த்தால் சக்கரம் அதன் அடியில் உரசுகிறது. "இப்டியே போனா மறுபடியும் வுயுவ," என்கிறாள் பக்கத்தில் நிற்கும் தோழி ரூபினா. "உன் செருப்ப குடு," என்கிறாள் ஹெப்சிபா. "இன்னாத்துக்குடி?" ஹெப்சிபா செருப்பை வாங்கி, அதன் ரப்பரில் இரண்டு துண்டு வெட்டி, துளையிட்டு, அச்சுக்கும் பலகைக்கும் நடுவே வைத்து முடுக்குகிறாள். அந்தக் கைகளில் அவசரமே இல்லை. உயரம் கூடி, உரசல் நின்றுவிடுகிறது. "அப்ப என்னிய வூடு வரிக்கும் தூக்கினு போ," என்கிறாள் வெறுங்காலோடு நிற்கும் ரூபினா. ஹெப்சிபா சிரித்துக்கொண்டே பலகையை நிமிர்த்திச் சாலையில் வைத்து ஏறி, ஒரு காலால் தரையை உந்திக் கிளம்புகிறாள். நேற்றைய ஜல்லி அப்படியே சிதறிக் கிடக்கிறது. முழங்காலை மடித்துச் சாய்கிறாள். சக்கரங்கள் கற்களின் மேல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருக்கின்றன. பின்னால் வரும் கண்டெய்னர் லாரிக்காரர் ஹாரன் அடிக்காமல், வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அவள் போகிற அழகைப் பார்த்தபடியே வருகிறார்.