ஊடை நூல்

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, கோவில்பட்டிக்குத் தெற்கே ஓர் அரை ஏக்கர் கரிசலில் பருத்தியின் கடைசிப் பறிப்பு முடிந்தது. நிலம் செண்பகவல்லியுடையது. தபால் ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் அந்த வாரம் காலையில் பறித்து ஓய்ந்த செடிகளை, பருத்திமாரை, பிடுங்கினாள், மாலையில் தறியில் உட்கார்ந்தாள். மகளுக்குப் பிறக்கப்போகும் குழந்தையை முதலில் ஏந்துவதற்கு, தன் நிலத்துப் பஞ்சிலேயே ஒரு துணி. நீளவாட்டுப் பாவு நூலை அவளே நூற்றிருந்தாள். குறுக்கே ஓடும் ஊடைக்கு, தோழி ஜெபராணி அவளிடம் பஞ்சை வாங்கிப்போய் நூலாகத் தந்திருந்தாள்.

சனிக்கிழமை மகளும் ஜெபராணியும் துணியைப் பார்க்க வந்தார்கள்.

"சுத்தப் பருத்தின்னா சாம்பலாயிரும், பாரு" என்று மகளிடம் சொல்லி, ஊடைத் துணுக்கு ஒன்றில் தீக்குச்சியை வைத்தாள் செண்பகவல்லி.

"அதப் போயி ஏம்ட்டி கொளுத்துத?" என்றாள் ஜெபராணி.

நூல் உருகிச் சுருண்டு, கடுகளவு கறுப்பு மணியாக இறுகியது.

"எம் பஞ்சு எங்கட்டி?"

"தலவாணில அடைச்சிட்டேன். நூக்க நூக்க கை வலிச்சுது, கடை நூல வாங்கிட்டேன். இதுவும் வெள்ளையாத்தான இருக்கு? பொறக்கப்போற பிள்ளைக்கா தெரியப்போவுது?"

இருவரும் போன பிறகு செண்பகவல்லி ஊடையை ஒவ்வோர் இழையாக உருவினாள். இருட்டும்போது தறியில் பாவு மட்டும் இருந்தது.