ஒன்பதில் ஐந்து

இரும்புவலைக் கையுறையை உருவி மேசைமேல் போட்டுவிட்டு, வெர்ன் டுசெக் போனைக் கையில் எடுத்தார்.

மணி பன்னிரண்டு ஐம்பது. ஒரு மணிக்குச் சங்கிலியில் மறுபடி வெட்டுக்குப் பன்றிகள் வரத் தொடங்கும். அதற்குள் பத்துப் பேரைப் பொறுக்கியாக வேண்டும். சங்கு ஊதிவிட்டால் போன் அலமாரிக்குள் போய்விடும். பிறகு மூன்றரைக்குத்தான் வெளியே வரும்.

வெட்டுக்கூடத்து ஆட்கள் எல்லோரும் அதே வேலையாகத்தான் இருந்தார்கள். ஒரு கையில் ரொட்டி, ஒரு கையில் போன். இன்றைக்கு நடக்கப்போகிற பேஸ்பால் ஆட்டங்களிலிருந்து ஆளுக்குப் பத்துப் பேரை எடுத்துப் போனில் ஓர் அணி கட்டுவார்கள். அந்த ஆட்டக்காரன் மைதானத்தில் நன்றாக ஆடினால் எடுத்தவருக்குப் புள்ளி. தலைக்கு மூன்று டாலர். ஜெயித்தவன் சனிக்கிழமை எல்லோருக்கும் பியர் வாங்கித் தந்து, போட்டதைவிட அதிகம் தோற்பான்.

தினமும் இந்த நேரத்தில் கூரை பிய்த்துக்கொண்டு போகும். இன்றைக்கு ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு போனைத் தட்டினார்கள்.

ஒன்று பத்துக்குத் தொடங்குகிற ஆட்டத்தில் முதல் பந்தை வீசப்போகிறவன் வேட் டுசெக். வெர்னின் மகன்.

வேடுக்கு இருபத்தெட்டு வயது. இரண்டு வருடம் முன்பு ஒரே ஒரு தடவை பெரிய அணியில் வீசினான். இரண்டாவது இன்னிங்ஸில் முழங்கையில் நார் அறுந்தது. வெட்டித் தைத்து, பழக்கி, சின்ன ஊர்களில் வீசி வீசி இன்றைக்குத்தான் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். இன்றும் அடி வாங்கினால் மூன்றாவது தடவை கூப்பிட மாட்டார்கள். சொந்த ஊருக்கு, இந்த நெப்ராஸ்காவுக்குத் திரும்பிப் பேருந்து ஏற வேண்டியதுதான். வெர்னுக்கு இடப்பக்கம் ஒரு கத்திக்கு ஆள் இல்லை என்று மேற்பார்வையாளர் போன வாரமே சொல்லி வைத்திருந்தார்.

வெர்ன் முன்னால் ஒன்பது பெயர்கள். மகன் எதிரில் மட்டையோடு வந்து நிற்கப்போகிற ஒன்பது பேர்.

ஓர் அணியிலிருந்து அடிக்கிறவர்களில் ஐந்து பேருக்கு மேல் எடுக்க முடியாது. அது இந்த விளையாட்டின் விதி.

எந்த ஐந்து?

ட்ரூஹியோ. யோசிக்காமல் எடுத்தார். ஹால்வர்சன் இடது கைக்காரன், உள்ளே வருகிற பந்தை வேலிக்கு அப்பால் அனுப்புகிறவன். எடுத்தார். மூன்றாவது ஆளைத் தொட்டார், போன் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடம் கத்தி பிடித்த கட்டைவிரல் நிமிராது. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டார். விரல் தவறியதில் வேறு யாரோ ஒருவன் உள்ளே வந்தான். அவனை நீக்கினார்.

இந்தப் பக்கம் ஆளை எடுத்தால் அந்தப் பக்கம் ஒருவன் மிஞ்சினான். மிஞ்சினவன் மகனை என்ன செய்வானோ? எடுத்தவனை விட்டார், விட்டவனை எடுத்தார். ரொட்டி பிரிக்காமலே கிடந்தது.

காப்பிக்குப் போன சிஸ்கோ அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டான். முப்பது வயதுப் பையன். வாய்க்குப் பூட்டு கிடையாது.

“யோவ் பெருசு, என்னய்யா இது? நாங்கெல்லாம் உன் மூஞ்சிக்குப் பயந்து ஒருத்தன் ரெண்டு பேர எடுத்துட்டு போனை மறைச்சு வச்சிருக்கோம். நீ அஞ்சு பேரையும் அங்கேருந்தா எடுக்குற? பெத்த புள்ளைய அடிக்க அப்பனே ஆள் ஏவி விடுறான் பாருங்கடா!”

பத்துத் தலைகள் திரும்பின. ஒருவரும் சிரிக்கவில்லை. எதிரில் இருந்தவன் தன் காப்பியை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனான்.

வெர்ன் ஐந்தாவது ஆளைத் தொட்டார். வேறு அணிகளிலிருந்து மீதி ஐவரைப் பார்க்காமலே போட்டு நிரப்பினார். அனுப்பினார்.

பக்கத்தில் ஆர்லீன் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தார். பதினோரு வருடமாக வரிசையில் வெர்னுக்கு வலப்பக்கம் நிற்கிற பெண்மணி.

“அவன் உளறட்டும். என்கிட்டயாவது சொல்லு வெர்ன். ஏன்?”

வெர்ன் வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

“ரெண்டு வருஷம் முன்னாடி அன்னிக்கி நான் எடுத்த முதல் பேரு வேட். போட்டு முடிச்சு ஒரு மணி நேரம் ஆகல, கை போச்சு.”

ஆர்லீனின் தாடை நின்றது.

தன் போனை எடுத்தார். காலையிலிருந்து பார்த்துப் பார்த்துக் கட்டின அணி. பத்துப் பேரையும் அழித்தார்.

“அஞ்சு போக மிச்சம் நாலு பேரு யாரு? சீக்கிரம் சொல்லு. ஏப்ரல்ல ஆட்டம் தொடங்கினதுலேருந்து நான் எடுத்த ஒருத்தன்கூட உருப்பட்டதில்ல.”

வெர்ன் அவரைப் பார்த்தார். உதடு கோணியது.

“ஓர்டஸ்.”

“ஆச்சு.”

“சின்ன மெக்கின்னி. பெரியவன் இல்ல, சின்னவன்.”

“ஆச்சு. அப்புறம்?”

“லாங்ஸ்ட்ராம்.”

ஆர்லீன் அந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துத் தொட்டபோது சங்கு ஊதியது. வாசலில் நின்ற மேற்பார்வையாளர் கையைத் தட்டினார். ஆர்லீன் கையில் கிடைத்தவர்களைப் போட்டு நிரப்பி அனுப்பிவிட்டார். போன்கள் அலமாரிக்குள் போயின.

உள்ளே குளிர் முகத்தில் அறைந்தது. வெர்ன் காதடைப்பான்களை வைத்துக்கொண்டார். சங்கிலி நகர்ந்து முதல் தோள்துண்டு அவர் முன்னால் வந்தது.

கூடத்துக் கடிகாரம் ஒன்று பத்தைக் காட்டியபோது அவர் வாய் அசைவதை ஆர்லீன் பார்த்தார். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தடவை, தங்கள் இருவர் கையிலும் அகப்படாமல் மைதானத்துக்குப் போய்விட்ட அந்த ஒருவனின் பெயரை வெர்ன் சொல்லிக்கொண்டிருந்தார். பெக்வித். பெக்வித். பெக்வித்.