தாத்தாவுக்குப் போட்ட கேம்

"கண்டி டவுன்ல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கீங்க, தாத்தான்னா யாருன்னு தெரியாதா ஃபாஸில் நானா?"

யோகராஜ் விட்டெறிந்த பென் டிரைவ் மேசையில் துள்ளி றம்லத்தின் மடியில் வந்து விழுந்தது. அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. புருஷன் ஃபாஸிலோ கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே இருந்தான்.

"எங்கப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு கை விழுந்துபோச்சு. பட்டன் அமுக்கி அமுக்கி விரலை அசைக்கணும்னு டாக்டர் சொன்னாரு. அதுக்குத்தான் புசல்லாவை டவுன் முழுக்கத் தேடி ஒரு பழைய கேம் மெஷின் வாங்கினேன். வீட்டுல தாத்தாவுக்கு ஏத்த மாதிரி கேம் போட்டுக் குடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீங்க என்னடான்னா கேக் சுடுறது, பொம்மைக்குச் சட்டை மாட்டுறதுன்னு போட்டு வச்சிருக்கீங்க."

"மன்னிச்சிக்கோங்க. எங்கட முஸ்லிம் ஆக்கள் மூத்த சகோதரியத்தான் தாத்தா எண்டு சொல்ற. பொம்பளப் புள்ளைக்காக்கும் எண்டு நெனச்சிட்டன்," என்றான் ஃபாஸில்.

"நல்லா நெனச்சீங்க. என் மகளுக்கு ஸ்கொலர்சிப் சோதனை வருது. அவ புஸ்தகத்த மூடிட்டு அது முன்னால போய்க் குந்திட்டா. முதுகுல ரெண்டு வச்சுத்தான் எழுப்பினேன். தெரியாத தொழில எதுக்குய்யா செய்றீங்க?"

"இரிங்க, இப்பவே சரியாக்கித் தாறன்."

ஃபாஸில் றம்லத்தின் மடியிலிருந்த பென் டிரைவை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகித் தட்டிக்கொண்டிருந்தான். முடிந்ததும் யோகராஜ் எட்டிப் பார்த்தான். கார் ரேஸ், கிரிக்கெட், கேரம் என்று வரிசையாக இருந்தது. பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.

அவன் தலை மறைந்ததுதான் தாமதம், றம்லத் பொரிந்து தள்ளினாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? அவன் அந்தப் பேச்சுப் பேசுறான், மண் மாதிரி இருக்கிறீங்க. பொறந்ததிலேந்து தமிழ் ஆக்களோட பழகுறீங்க. அவங்க தாத்தா எண்டு சொல்றது யாரெண்டு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா இவ்வளவு ஏச்சும் வாங்கின? மானம் ரோஷம் ஒண்டும் இல்லையா?"

"சத்தம் போடாத. நான் ஒண்டையும் அழிக்கல்ல. அவன் தொறந்து பாத்தாலும் எண்டு ஒரேயொரு கார் ரேஸ மட்டும் புதுசாப் போட்டன். மத்ததுக்கெல்லாம் பேரத்தான் மாத்தின. கேரத்தத் தொறந்தா கேக்குதான் வரும்."

"புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? அவன் திரும்பி வந்து கடைய ஒடச்சுப் போடுவான்."

"வந்தா திரும்ப ஏச்சு வாங்குவம். அவன் கேம் போடச் சொல்லிட்டுப் போன அண்டைக்கே அவன்ட வாப்பா, அந்தக் கை விழுந்தவர், எனக்கு ஃபோன் கோல் எடுத்தாரு. மகனுக்குச் சொல்லிடாதீங்க எண்டு சத்தியம் வாங்கிட்டுத்தான் பேசின."

"அந்தக் கெழவர் என்ன சொன்னாரு?"

ஃபாஸில் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"‘பேத்திக்குப் புடிச்ச கேமாப் போடுங்க தம்பி, அப்பதான் அவ பக்கத்துல வந்து உக்காந்து என் கையப் புடிச்சுப் பட்டன்ல வைப்பா. வீட்டுல வேற யாரும் இந்தக் கையத் தொடுறதில்ல.’"