கோல் முன்னால் ஈரம்

மாலை நான்கு மணி வெயிலில் செயற்கைப் புல் கொதிக்கிறது. ஆட்டத்துக்கு முன் சூடு தணிக்க, மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர் ரப்பர் குழாயோடு நிற்கிறார். இதே இடத்தில் பதினோரு வருடம் நிஜப் புல் வளர்த்தவர். குழாய் வாயில் கட்டைவிரலை அழுத்தி, இளம்புல்லுக்கு நோகாத மாதிரி தண்ணீரைத் தூறலாக்குகிறார். ஆவியோடு, அடியில் தூவிய ரப்பர் துகளின் டயர் வாசனைதான் எழுகிறது. மண்வாசனைக்காக அவர் மூக்கு ஒரு கணம் காத்திருக்கிறது.

"அண்ணே, இது பிளாஸ்டிக். வேகமாவே அடிங்க, ஒண்ணும் ஆகாது," என்கிறாள் பூட்ஸ் லேஸை இறுக்கியபடி அணித்தலைவி.

"தெரியும்மா." விரலை எடுக்கவில்லை.

தூறல் கோல் கம்பத்தருகே வருகிறது. வருடா வருடம் புல் தேய்ந்து முதலில் சொட்டை விழுந்த இடம். பிளாஸ்டிக் விரிப்பதற்கு முந்தின கடைசி வருடம் மூன்று தடவை விதை போட்டார். தலைவி எழுந்து அந்தப் பக்கம் வருகிறாள்.

"இங்க கால வச்சிடாதம்மா, இப்பதான் முளை விட்டிருக்கு."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்கிறார். குழாய் கையிலேயே ஒழுகுகிறது.

அவள் நிற்கிறாள். ஈரத்தைப் பார்க்கிறாள். பிறகு அதைச் சுற்றிக்கொண்டு போகிறாள். பின்னால் வரும் பத்துப் பேரும் ஒருத்தி பின் ஒருத்தியாக, அவள் போன வழியிலேயே போகிறார்கள்.